பம்பாயைச் சீராகக் கொண்டுபோன கேத்தரீன்

கேள்வி: ஆச்சி, போர்ச்சுக்கல் ராஜா தன் மகளுக்குப் பம்பாயையே சீதனமாகக் கொடுத்தாராமே? அவ்வளவு கொண்டுபோன பெண், போன இடத்தில் நன்றாக வாழ்ந்தாளா?
(வாசகி, தேவகோட்டை)

பதில்: கொடுத்தது அப்பா இல்லை தாயி, அம்மா. கேத்தரீனின் தகப்பனார் நான்காம் ஜான் 1656-லேயே காலமாகிவிட்டார். ஆட்சியைக் கவனித்த தாயார் லூயிசாதான் சம்பந்தம் பேசி முடித்தார். 1640-ல்தான் ஸ்பெயினிடமிருந்து பிரிந்து வந்த நாடு. ஸ்பெயின் மறுபடி விழுங்கிவிடாமல் இருக்க இங்கிலாந்தின் துணை வேண்டியிருந்தது. மாப்பிள்ளையான இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸுக்கோ பணமுடை. பம்பாய், ஆப்பிரிக்கக் கரையில் டாஞ்சியர், அதற்குமேல் 20 லட்சம் குருசாடோ (போர்ச்சுக்கீசியக் காசு) என்று பேச்சு. கப்பல் வந்து நின்றபோது சொன்ன ரொக்கம் தேறவில்லை. ஒரு பங்குக்குச் சர்க்கரையும் மற்ற சரக்குகளும் ஏற்றி அனுப்பினார்கள். 1662-ல் போர்ட்ஸ்மத்தில் கல்யாணம். பெண்ணுக்கு வயது 23.

போன சில வாரத்திலேயே ஒரு சோதனை. ராணியின் அந்தரங்கப் பணிப்பெண்கள் என்று ராஜா ஒரு பட்டியல் நீட்டினார். அதில் பார்பரா வில்லியர்ஸ் பேரும் இருந்தது. ராஜாவின் ஆசைநாயகி. ஊரிலிருந்து வரும்போதே அந்தப் பேரைக் கேள்விப்பட்டிருந்த கேத்தரீன், பேனாவை எடுத்து அடித்துவிட்டார். மொழி தெரியாத ஊர், புதுப்பெண், ஆனாலும் அடித்தார்! எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். ராஜா விடவில்லை. சபையில் பார்பராவைக் கூட்டிவந்து நிறுத்த, கேத்தரீனுக்கு மூக்கில் ரத்தம் கொட்டி மயக்கமே வந்துவிட்டது. கூட வந்திருந்த போர்ச்சுக்கீசியப் பெண்களையும் ஏறக்குறைய எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கடைசியில் பார்பராவுக்கு அந்தப் பதவி கிடைத்தது.

பிள்ளையும் தங்கவில்லை. ரத்து பண்ணிவிட்டு வேறு கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்று ராஜாவைச் சுற்றியிருந்தவர்கள் தூபம் போட்டார்கள். அதற்கு மட்டும் சார்லஸ் சம்மதிக்கவில்லை. 1678-ல் ராஜாவுக்கு விஷம் வைக்கப் பார்த்தாள் என்று அபாண்டம் கிளம்பியபோதும் அவர் பக்கம் நின்றார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, சீர் என்ன ஆயிற்று? பம்பாயை 1668-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வருஷத்துக்கு 10 பவுண்டு குத்தகைக்கு விட்டார் ராஜா. டாஞ்சியரை 1684-ல் கைவிட்டு வந்துவிட்டார்கள். என் அம்மாவின் கல்யாணச் சீரை எழுதிவைத்த சாமான் சிட்டையில் குங்குமச் சிமிழ், இடியாப்பக் கட்டை வரை வரிசையாக எழுதியிருக்கும். எல்லாம் அவர் பேரில் இருந்தவை, கேட்டு வாங்கலாம். கேத்தரீனுக்கு அந்த வழி இல்லை. அவரோடு போனது முழுக்க ராஜாங்கக் கணக்கு.

கணவர் 1685-ல் போனபின் சில வருஷம் அங்கேயே இருந்துவிட்டு, 1693-ல் லிஸ்பன் திரும்பினார். தம்பி பெட்ரோ ராஜா. அவர் முடியாமல் கிடந்த 1704, 1705-ல் அக்காதான் நாட்டை நடத்தினார். ஸ்பெயினோடு போர் நடந்த நேரம் வேறு. நன்றாகவே நடத்தினார். 1705 டிசம்பர் 31 அன்று காலமானார். வாழ்ந்தாளா என்று கேட்டாயே, என் மனசுக்கு அந்தக் கடைசிப் பன்னிரண்டு வருஷம்தான் அவருடைய வாழ்வு.

கேள்வி: கல்யாணமே வேண்டாம் என்று இருந்த போர்ச்சுக்கீசிய இளவரசி உண்டா?
(வாசகர், பள்ளத்தூர்)

பதில்: வேண்டாம் என்று இருந்தவர் ஜோவானா. வந்த வரன்களை மறுத்து அவேரோ மடத்தில் இருந்தார், 1490-ல் காலமானார். கல்யாணம் நடக்காமலே போனவர் மரியா, முதலாம் மானுவேலின் கடைசி மகள், 1521-ல் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். அம்மா எலினோர் பிள்ளையை விட்டுவிட்டு ஊர் திரும்பி, அப்புறம் பிரான்ஸ் ராஜாவை மணந்தார். மகள் பேரில் சொத்து ஏராளம். அவ்வளவும் நாட்டைவிட்டுப் போய்விடுமே என்று, அரசரான அண்ணன் மூன்றாம் ஜான் வந்த சம்பந்தத்தையெல்லாம் இழுத்தடித்தார். ஸ்பெயினின் பிலிப்புடன் பேசியதும் அப்படித்தான் கலைந்தது. மரியா படித்த பெண்களைக் கூட வைத்துக்கொண்டார். லத்தீன், கிரேக்கம், ஹீப்ரு தெரிந்த லூயிசா சிகேயா அவர்களில் ஒருவர். அம்மாவை மறுபடி பார்த்தது 1558-ல், ஸ்பெயின் எல்லை ஊரான பாதாஹோஸில். என்னோடு வந்துவிடு என்று அம்மா கேட்டார். மகள் போகவில்லை.