பூக்கல் பட்டறையின் சர்வருக்கு எந்த லினக்ஸ்?

ஆத்தங்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பூக்கல் (தரையில் பாவும் ஆத்தங்குடிக் கல்) பட்டறை வைத்திருக்கிறோம். டிசைன் படங்கள், அளவு, விலை, ஆர்டர் படிவம் எல்லாம் உள்ள வேர்ட்பிரஸ் தளம் இப்போது ஷேர்டு ஹோஸ்டிங்கில் (பலர் பகிரும் சர்வரில்) ஓடுகிறது. படங்கள் சேரச் சேர மெதுவாகிவிட்டதால் 2 ஜிபி ரேம் உள்ள விபிஎஸ் (நமக்கென்று ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) எடுக்கப் போகிறோம். அங்கே உபுண்டு, டெபியன், ஆல்மா, ராக்கி, ஃபெடோரா, ஆல்பைன் என்று வரிசையாகக் காட்டி எது வேண்டும் என்று கேட்கிறது. தெரிந்தவர் ஒருவர் சென்ட்ஓஎஸ்தான் போட வேண்டும் என்கிறார். சர்வரைப் பார்த்துக்கொள்ளப் போவது காரைக்குடியில் கல்லூரியில் படிக்கும் என் தம்பி மகன். அவன் மடிக்கணினியில் உபுண்டு வைத்திருக்கிறான். எதைப் போடுவது?"

உபுண்டு 24.04 எல்டிஎஸ் (நீண்ட காலம் திருத்தம் வரும் பதிப்பு) போடுங்கள். அதற்கான முக்கியமான காரணத்தை நீங்களே கடைசியில் எழுதிவிட்டீர்கள்: பார்த்துக்கொள்ளப் போகிற பையனுக்கு அது பழக்கம். ராத்திரி பத்து மணிக்குத் தளம் நின்றுபோனால், கை தானாகப் போகிற கட்டளைகள் உள்ள டிஸ்ட்ரோதான் (லினக்ஸ் வகைதான்) அவனுக்கு உதவும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். டிஸ்ட்ரோவை மாற்றுவதால் தளம் வேகமாகாது. எதைப் போட்டாலும் உள்ளே ஓடப்போவது அதே என்ஜினெக்ஸ் வெப் சர்வர், அதே பிஎச்பி மொழி, அதே மைசீக்வல் தரவுத்தளம். உங்கள் தளம் திணறுவது கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய படங்களால் இருக்கலாம். அவற்றைச் சுருக்கி வெப்பி வடிவத்தில் போட்டு, பக்கங்களைத் தயாராக எடுத்து வைக்கிற ஒரு கேஷ் பிளக்இன்னும் வைத்துப் பாருங்கள்.

அப்படியானால் டிஸ்ட்ரோவில் பார்க்க வேண்டியது என்ன? பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை வருஷம் வரும், எவ்வளவு ஒழுங்காக வரும் என்பதைத்தான். உபுண்டுவில் இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரல் மாதத்தில் வருவது எல்டிஎஸ் பதிப்பு. அதற்கு 5 வருஷம் திருத்தம் உண்டு, 24.04-க்கு 2029 வரை வரும். இடையில் வருகிற பதிப்புகளுக்கு 9 மாதம்தான் ஆயுள், அவற்றைச் சர்வரில் போடவே வேண்டாம். ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்புக்கும் சுமார் 13 மாதம். நல்ல டிஸ்ட்ரோதான், ஆனால் வருஷத்துக்கு ஒரு தரம் கடைச் சர்வரின் அடித்தளத்தைப் பெயர்த்துப் போட யாருக்கு நேரம்?

இந்த இடத்தில் பலரும் குழம்புகிறார்கள். 24.04-இல் இருப்பது என்ஜினெக்ஸ் 1.24, பிஎச்பி 8.3. இன்னும் சில வருஷம் கழித்துப் பார்த்தாலும் இதே எண்தான் இருக்கும். "பழைய பதிப்பு, ஆபத்து" என்று ஏதாவது சோதனைத் தளம் சிவப்பில் காட்டும். பயப்பட வேண்டாம். ஓட்டை தெரியவந்தால் அதற்கான திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே பொருத்தித் தருவார்கள். எண் மாறாது, ஓட்டை அடைபடும். இது தெரியாமல் எங்கிருந்தோ புது பேக்கேஜை (மென்பொருள் தொகுப்பை) இறக்கிப் போட்டால் அன்றிலிருந்து அதற்குத் திருத்தம் தேடுவது உங்கள் வேலையாகிவிடும்.

"புதுசு இருக்கும்போது ஏன் பழசு?" என்று தம்பி மகன் கேட்பான். பட்டறையைக் காட்டியே பதில் சொல்லலாம். கண்ணாடி மேல் அச்சு வைத்துச் சாயக் கலவை ஊற்றி, சிமெண்டு போட்டு எடுத்த கல்லை அன்றைக்கே யாரும் தரையில் பாவுவதில்லை. தண்ணீரில் ஊறி, காய்ந்த பிறகுதான் அது கல். மென்பொருளுக்கும் அந்த ஊறல் காலம் வேண்டும். 2024 மார்ச் இறுதியில் எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு ஒரு கள்ள வாசலை நுழைத்திருந்தது வெளியே வந்தது. தொலைவிலிருந்து சர்வரை இயக்கப் பயன்படும் எஸ்எஸ்எச் வழியாகச் சர்வருக்குள் புக வைக்கிற வாசல் அது. எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாவது ஏன் என்று விடாமல் துருவிய ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். அப்போது அந்தப் பதிப்புகள் டெபியனின் சோதனைக் கிளை, ஃபெடோராவின் பீட்டா போன்றவற்றில்தான் புகுந்திருந்தன. டெபியன் ஸ்டேபிளிலோ ஏற்கெனவே வெளிவந்த உபுண்டு எல்டிஎஸ் பதிப்புகளிலோ அவை இல்லை. அப்போது தயாராகிக்கொண்டிருந்த 24.04-இன் பீட்டாவை ஒரு வாரம் தள்ளிவைத்து, பேக்கேஜ்களை மறுபடி கட்டினார்கள். ஆகவே புது எல்டிஎஸ் வந்தாலும் முதல் நாளே தாவாதீர்கள். சில மாதம் கழித்து, '.1' என்று முடிகிற திருத்தப் பதிப்பு வந்த பிறகு மாறுங்கள்.

சென்ட்ஓஎஸ் பற்றி: உங்கள் நண்பர் தவறாகச் சொல்லவில்லை, அவர் சொல்வது பழைய காலத்துக்குச் சரி. ரெட்ஹாட் நிறுவனத்தின் கட்டண லினக்ஸுக்கு இலவசப் பிரதியாக ஹோஸ்டிங் உலகத்தையே அது தாங்கியது. சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை திருத்தம் வரும் என்றிருந்ததை, 2021 டிசம்பர் 31-உடன் முடிப்பதாக 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். பழைய 7-உம் 2024 ஜூன் 30-உடன் முடிந்தது. இன்று சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் என்ற பெயரில் இருப்பது வேறு. ரெட்ஹாட்டின் அடுத்த பதிப்புக்கு முன்னோட்டம் போன்றது. அந்தக் காலி இடத்தை நிரப்ப 2021-இல் வந்தவைதான் ஆல்மாவும் ராக்கியும். இரண்டுக்கும் 10 வருஷத் திருத்தம் உண்டு. சீபேனல் என்ற நிர்வாக மென்பொருள் வைத்து நிர்வகிப்பதாக இருந்தால் ஆல்மா போடச் சொல்லியிருப்பேன். ஆனால் அதில் எஸ்இலினக்ஸ் என்ற கண்டிப்பான காவல் உண்டு. ஃபைல் அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் வேர்ட்பிரஸில் படம் ஏறாது. காரணம் புரியாமல் அதையே அணைத்துவிடுகிறவர்கள் ஏராளம். அணைத்துவிட்டால் ஆல்மாவை எடுத்ததில் பாதிப் பயன் போயிற்று.

ஆல்பைன் சின்னது, கண்டெய்னருக்கு (ஒவ்வொரு மென்பொருளையும் தனிப் பெட்டிபோல் ஓட்டும் முறைக்கு) ஏற்றது. உங்களுக்கு வேண்டாம்.

டெபியன்? எனக்குத் தனிப்பட்ட முறையில் அதுதான் பிடிக்கும். 1993-இலிருந்து தன்னார்வலர்களே நடத்துவது. மென்பொருள் நிறுவ அதே ஆப்ட் கட்டளைகள்தான் என்பதால் உங்கள் பையனுக்கும் அந்நியமாக இருக்காது. ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் பிஎச்பி 8.4 இருக்கிறது. உங்கள் தளத்தில் பழைய பிளக்இன்கள் இருந்தால் அவை அதில் முரண்டு பிடிக்கலாம். அதனால்தான் இப்போதைக்கு 24.04.

உபுண்டுவில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அதன் பேக்கேஜ்கள் மெயின், யூனிவர்ஸ் என்று பிரிந்திருக்கின்றன. மைசீக்வல் மெயினில் இருக்கிறது. அதற்குப் பதிலாகப் பலரும் பழக்கத்தில் போடுகிற மரியாடிபி யூனிவர்ஸில். மெயினில் உள்ளவற்றுக்கு 5 வருஷமும் திருத்தம் நிச்சயம். யூனிவர்ஸுக்கும் அதே உறுதி வேண்டுமென்றால் உபுண்டு புரோ என்ற சந்தாவைச் சேர்க்க வேண்டும். 5 கணினி வரை இலவசம், சிறு வியாபாரத்துக்கும் செல்லும். முதல் நாளே சேர்த்துவிடுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக ஏறும் வசதி இயங்குகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்டு நுழைவை மூடிச் சாவி ஃபைலை மட்டும் வைப்பது, 2 ஜிபி ஸ்வாப் (ரேம் போதாதபோது வட்டில் எடுத்துக்கொள்ளும் இடம்), தினசரி பேக்கப்பை வேறு இடத்தில் வைப்பது, இதெல்லாம் அவனுக்கு ஒரு சாயங்கால வேலை.

அவன் படித்து முடித்து வெளியூர் போவான் என்பதையும் இப்போதே நினைத்துக்கொள்ளுங்கள். தேவகோட்டைப் பக்கம் ஒரு பலகாரக் கடையின் தளம் முடங்கியபோது பார்க்கப் போனேன். அமைத்துக் கொடுத்தவர் வெளிநாட்டில். எந்த டிஸ்ட்ரோ, பேக்கப் எங்கே என்று கடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிப் பட்டறைக் கல்லாவில் வையுங்கள்.

பழைய ஹோஸ்டிங்கை உடனே நிறுத்திவிட வேண்டாம், ஒரு மாதம் இருக்கட்டும். பல விபிஎஸ் நிறுவனங்கள் மெயில் வெளியே போகிற 25-ஆம் போர்ட்டை மூடியே வைத்திருப்பதால் தளம் நன்றாக ஓடும், ஆர்டர் மெயில் மட்டும் வந்து சேராது. வெளி மெயில் சேவை ஒன்றை எஸ்எம்டிபி பிளக்இன் வழியாக இணைத்து, நீங்களே ஒரு பொய் ஆர்டர் போட்டு, மெயில் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு டிஎன்எஸ்ஸை (தளப் பெயர் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்ற பதிவை) மாற்றுங்கள்.