டைப்பிங் சுருக்கங்கள்: மண்ணடி அக்காவிடம் கேட்டவை

மண்ணடியில் ஜாப் டைப்பிங், அதாவது கூலிக்கு டைப் அடித்துக் கொடுக்கும் மேசை போட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஐகோர்ட் பக்கத்திலேயே இருப்பதால் மனு, அபிடவிட், கிரயப் பத்திரம் என்று அதே வாசகங்கள்தான் தினமும் வரும். அதையெல்லாம் சுருக்கம் வைத்து அடிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்.

தண்டையார்பேட்டையிலிருந்து: அக்கா, வேர்டு ஆட்டோகரெக்டில் (அடித்ததைத் தானாக மாற்றும் வசதி) 'உநீ' அடித்தால் 'உயர்நீதிமன்றம்' வரும்படி வைத்தேன். 'உயர்நீதிமன்றத்தில்' வேண்டுமென்றால் அழித்துவிட்டுத்தான் அடிக்க வேண்டியிருக்கிறது. பேசாமல் முழுசாகவே அடித்துவிடலாமா?

விட்டுவிடாதே தம்பி, நீ வெட்டிய இடம்தான் தப்பு. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டு கடைசி எழுத்தையே மாற்றிவிடும், அதனால் முழுச்சொல்லைச் சேமித்தால் பாதி நேரம் உதவாது. மாறாத இடம் வரைக்கும் மட்டும் சேமி. 'உயர்நீதிமன்ற' என்று நிறுத்திக்கொள். அப்புறம் 'ம்' அடித்தால் மன்றம், 'த்தில்' அடித்தால் மன்றத்தில், 'த்தின்' அடித்தால் மன்றத்தின். 'மனுதாரர்' வேண்டாம், 'மனுதார' போதும். ர், ரை, ருக்கு, ரின் எது வேண்டுமோ அதைக் கையால் போடு. 'வீடு' மாதிரிச் சொல்லுக்கு இது ஒத்துவராது, வீட்டில், வீட்டை என்று ஆகிவிடும். இரண்டு எழுத்துக்குச் சுருக்கம் எதற்கு, அதை விடு.

இன்னொன்று, ஆட்டோகரெக்ட் ஸ்பேஸோ கமா, புள்ளி மாதிரிக் குறியோ தட்டினால்தான் விரியும், அது நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த வேலைக்கு ஆட்டோடெக்ஸ்ட்தான் சரி, பெயர் வைத்துச் சேமித்த வாசகத்தை நாம் கேட்கும்போது மட்டும் விரிக்கும் வசதி அது. வேர்டில் வாசகத்தைத் தேர்ந்தெடுத்து ஆல்ட்டும் எஃப்3-ம் தட்டினால் பெயர் வைத்துச் சேமிக்கலாம். வேர்டு மாதிரியே இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் கண்ட்ரோலும் எஃப்3-ம். இரண்டிலுமே சுருக்கத்தை அடித்து வெறும் எஃப்3 தட்டினால் விரியும், ஸ்பேஸ் வராது.

வியாசர்பாடியிலிருந்து: நான் விம் எடிட்டர்தான் (வெறும் எழுத்துக் கோப்பு அடிக்கும் மென்பொருள்) பயன்படுத்துகிறேன். அதில் முடியுமா?

நன்றாகவே முடியும். கோலன் போட்டு ஐ-ஏ-பி என்று மூன்று எழுத்து, பிறகு சுருக்கம், பிறகு முழு வடிவம். விம்ஆர்சி என்ற அதன் அமைப்புக் கோப்பில் எழுதி வை, இல்லையென்றால் மூடியதும் போய்விடும். ஸ்பேஸ் இல்லாமல் விரிய கண்ட்ரோலும் வலது சதுர அடைப்பும். விரியவே வேண்டாம் என்றால் கண்ட்ரோல் வி தட்டிவிட்டு ஸ்பேஸ்.

ராயபுரத்திலிருந்து: கட்சிக்காரர் பெயர், சர்வே எண் எல்லாவற்றையும் சுருக்கமாக வைத்துக்கொள்ளலாமா அக்கா?

கூடாது. பெயர், எண், தொகை, நாள் நான்கையும் எப்போதும் பார்த்துக் கையால்தான் அடிக்க வேண்டும். போன மாதத்து சர்வே எண் இந்த மாதப் பத்திரத்தில் விரிந்தால் யாருக்கும் தெரியாது, எழுத்துப் பிழை இல்லாமல் அழகாக நிற்கும்.

நானே பட்டிருக்கிறேன். 'எழுதிக் கொடுப்பவர்', 'எழுதி வாங்குபவர்' இரண்டுக்கும் எழு1, எழு2 என்று வைத்திருந்தேன். ஒரு வரியில் விரல் மாறி, விற்கிறவரே வாங்குகிறவராகிவிட்டார். பதிவுக்குப் போகும் முன் பத்திரத்துக்கு வந்த அம்மா உட்கார்ந்து வாய்விட்டுப் படித்ததால் பிழைத்தோம். இப்போது 'விற்', 'வாங்' என்று வைத்திருக்கிறேன். எதிரெதிர் ஆட்களுக்கு ஒரே மாதிரிச் சுருக்கம் வைக்காதீர்கள்.

திருவொற்றியூரிலிருந்து: லிப்ரே ஆபீஸ் ஆட்டோகரெக்ட் ஆங்கிலத்தில் வேலை செய்கிறது, தமிழில் இல்லை.

அந்தப் பட்டியல் மொழிவாரியானது. மேலே மொழி இருக்கும் இடத்தில் 'எல்லாம்' என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேருங்கள்.

பெரம்பூரிலிருந்து, டைப்பிங் ஆசிரியராக இருந்த ஒரு பெரியவர்: டைப்பிங்கில் ஹையர் பரீட்சை பாஸ் செய்தவனுக்குச் சுருக்கம் எதற்கு? கை சோம்பேறியாகிவிடும்.

ஐயா, உங்களைப் போன்றவர்களிடம் கற்ற கைதான் இதுவும். கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்குச் சுருக்கம் கூடாது என்பதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் வேகத்துக்காக இதைச் சொல்லவில்லை. ஒரே பத்திரத்தில் 'எழுதிக் கொடுப்பவர்' நாற்பது தடவை வரும். சாயங்காலம் ஆறு மணிக்கு முப்பத்தைந்தாவது தடவை அடிக்கும்போது ஒற்று விழுந்துவிடும், ஓரிடத்தில் 'உயர்நீதிமன்றம்', இன்னோரிடத்தில் 'உயர் நீதிமன்றம்' என்று பிரிந்து நிற்கும். சுருக்கத்தில் நாற்பதும் ஒன்று போல வரும்.

அவரே மறுபடியும்: சுருக்கத்திலேயே பிழை இருந்தால் நாற்பதும் பிழைதானே அம்மா?

உண்மை ஐயா, அதை நான் சொல்லியிருக்க வேண்டும். புதிதாகச் சேர்க்கும் சுருக்கத்தை ஒருமுறை விரித்து, காகிதத்தில் எடுத்து, இன்னொருவரைப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் வேலையில் இறக்க வேண்டும்.

கொருக்குப்பேட்டையிலிருந்து: அப்படியானால் தமிழ்99 நல்லதா, டைப்ரைட்டர் விசைப்பலகையா?

இரண்டிலும் சுருக்கம் வேலை செய்யும். அந்தச் சண்டை இன்றைக்கு வேண்டாம்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து: பாமினி எழுத்துருவில் அடிக்கிறேன், வரி ஆரம்பத்தில் எழுத்து தானாக மாறுகிறது.

பாமினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் ஆட்டோகரெக்ட் வசதியை அணைத்துவிடுங்கள். முடிந்தால் யூனிகோடுக்கு மாறிவிடுங்கள்.

எண்ணூரிலிருந்து: போனில் ஆதார் எண்ணுக்குச் சுருக்கம் வைக்கலாமா?

போனில் ஜிபோர்டு விசைப்பலகையின் பர்சனல் டிக்‌ஷனரியில் சுருக்கம் வைக்கலாம். ஆதார் எண்ணுக்கு மட்டும் வேண்டாம், ராயபுரத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

மூலக்கொத்தளத்திலிருந்து: தொகைக்கு மட்டும்?

தொகையும் கையால்தான்.