வீட்டில் ஒருவருக்கு மனச்சோர்வு: மனநல மருத்துவர் பதில்கள்

கேள்வி: கணவர் இரண்டு மாதமாக யாரோடும் பேசுவதில்லை. குளிக்கவே பத்து தடவை சொல்ல வேண்டும். 'உங்களுக்கு என்ன குறை, தைரியமாக இருங்கள்' என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். (பெரம்பூர் வாசகி)

பதில்: அம்மா, அந்த வார்த்தை அவர் காதில் 'நீ தைரியம் இல்லாதவன்' என்றுதான் விழும். பல் தேய்ப்பதே மலையாகத் தெரிவது இந்த நோயின் அறிகுறி, அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். அறிவுரையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். 'டீக்கடை வரை போய்வரலாமா?' என்று சின்னதாகக் கூப்பிடுங்கள். வரவில்லையா, சரி, நாளைக்கும் கூப்பிடுங்கள்.

இரண்டு வாரம் இப்படி இருந்தாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனநல மருத்துவரிடம் வரமாட்டேன் என்றால், தூக்கம் சரியில்லை என்று சொல்லி முதலில் குடும்ப டாக்டரிடம் கூட்டிப்போங்கள். தைராய்டு குறைந்தாலும் இதேபோல் சோர்வு வரும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். 'கீழ்ப்பாக்கம்' என்றாலே இந்த ஊரில் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் மிகுந்த வருத்தம். 1794-இல் தொடங்கிய அந்த அரசு மனநல மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்புகிறவர்கள் ஏராளம்.

கேள்வி: மகன் பத்து நாள் மாத்திரை போட்டும் பலன் இல்லை. பழக்கமாகிவிடும் என்று உறவினர் சொன்னதால் நிறுத்திவிட்டோம்.

பதில்: இந்த வாரமே டாக்டரைப் போய்ப் பாருங்கள். பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகும். மனச்சோர்வு மாத்திரைகள் போதைபோலப் பிடித்துக்கொள்வதில்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரலாம். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடரச் சொல்வோம். மகனுக்கு வயது 25-க்குள் என்றால், மறுபடி தொடங்கும் முதல் சில வாரங்கள் கூடுதல் கவனம் தேவை.

கேள்வி: 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி' என்கிறாள் தங்கை. அதைப் பற்றிக் கேட்டால் நாமே தூண்டிவிட்ட மாதிரி ஆகுமோ?

பதில்: ஆகாது. 'செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?' என்று நேராகவே கேளுங்கள். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளை உங்கள் கைவசம் வையுங்கள், இன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் இலவசமாக, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். முயற்சி செய்துவிட்டவரைக்கூட, போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். அப்படிச் செய்யவே கூடாது. அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகக் கருதி, தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 மனநலச் சட்டம்.

கேள்வி: மூன்று வருடமாக அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். தோழி கல்யாணத்தில் சிரித்ததற்கே குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. (தாம்பரம்)

பதில்: போய்வந்தீர்களே, அதுவே எனக்குச் சந்தோஷம். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் ஞாயிற்றுக்கிழமையை அவர்களிடம் விடுங்கள். அப்புறம், உங்களுக்கே தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், அடுத்த முறை அம்மாவோடு போகும்போது உங்கள் பெயரிலும் ஒரு சீட்டு போடுங்கள்.