லினக்ஸில் தடுத்து வைத்த சிக்னலைத் திறந்துவிட சிக்_அன்பிளாக் போதாதா?

உங்கள் ஃபங்ஷன் தொடக்கத்தில் சிக்_பிளாக் கொண்டு, நிரலை முடியச் சொல்லும் சிக்னலான சிக்டெர்மைத் தடுத்து, முடிவில் சிக்_அன்பிளாக் கொண்டு திறந்துவிடுகிறது. இதில் என்ன தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். சிறிய நிரலில் தவறு எதுவும் வெளியே தெரியாது. ஆனால் அந்த ஃபங்ஷனை அழைத்தவர் அதே சிக்னலை முன்பே தடுத்து வைத்திருந்தால், அவர் போட்ட பூட்டையும் நீங்களே திறந்துவிட்டுப் போகிறீர்கள். ஆகவே, இந்தத் தடுப்பையும் திறப்பையும் செய்யும் சிக்பிராக்மாஸ்க்கின் மூன்றாவது ஆர்க்யுமென்ட் வழியாகப் பழைய மாஸ்க்கை (எந்தெந்தச் சிக்னல்கள் தடுக்கப்பட்டுள்ளன என்ற பட்டியலை) வாங்கி வைத்துக்கொண்டு, முடிவில் சிக்_செட்மாஸ்க் கொடுத்து அதையே திரும்பப் பொருத்துவதுதான் முறை.

தடுப்பது வேறு, புறக்கணிப்பது வேறு. புறக்கணித்த சிக்னல் தொலைந்துபோகும். தடுத்த சிக்னலோ இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் நிலுவையில் காத்திருந்து, திறந்தவுடன் வந்து சேரும். எனினும் வழக்கமான சிக்னல்களுக்கு வரிசை கிடையாது, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பிட்தான். தடுத்திருந்த வேளையில் மூன்று சேய் புராசஸ்கள் முடிந்தாலும், சேய் முடிந்ததை அறிவிக்கும் சிக்சைல்ட் ஒருமுறை மட்டுமே வரக்கூடும் என்பதால், ஹேண்ட்லருக்குள் (சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷனுக்குள்), முடிந்த சேயின் முடிவைப் பெறும் வெயிட்பிட்டை, காத்திருக்காமல் திரும்பச் சொல்லும் டபிள்யூநோஹேங் உடன், அறுவடை செய்யச் சேய் எதுவும் மீதமில்லாத வரை, லூப்பில் அழைக்க வேண்டும். சிக்னலுக்காகக் காத்திருக்க எண்ணி, முதலில் தடையை நீக்கிவிட்டு அடுத்த வரியில், சிக்னல் வரும்வரை நிரலை உறங்கவைக்கும் பாஸ் ஃபங்ஷனை அழைப்பவர்களும் உண்டு. அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே சிக்னல் வந்து போய்விட்டால் நிரல் எழாமலே உறங்கிக் கிடக்கும். மாஸ்க்கை மாற்றுவதையும் உறங்குவதையும் பிரிக்க முடியாத ஒரே செயலாகச் செய்யும் சிக்சஸ்பெண்ட் இருப்பது இதற்காகத்தான்.

நான் இதைக் கற்றது ஒரு வீண் மாலைப்பொழுதில். வேறு நிரல்களைக் கிளப்பிக் கண்காணிக்கும் சிறிய நிரல் ஒன்றை எழுதியிருந்தேன். அது கிளப்பிய எந்தச் சேயும், சிக்டெர்மை அனுப்பும் கில் கட்டளைக்கு அசையவில்லை, கில் -9 மட்டுமே வேலை செய்தது (அது அனுப்பும் சிக்கில்லையும், நிரலை நிறுத்திவைக்கும் சிக்ஸ்டாப்பையும் யாராலும் தடுக்க முடியாது). சேயின் நிரலில்தான் பிழை என்று வெகுநேரம் அதையே குடைந்துகொண்டிருந்தேன். பிறகு பிராக் கோப்பகத்தில் அந்தச் சேயின் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்தபோது, தடுத்த சிக்னல்களைக் காட்டும் சிக்பிளாக் (SigBlk) வரியில் 0000000000004000 என்று இருந்தது. பதினாறடிமான எண்ணில் 4000 என்பது, ஒன்றிலிருந்து எண்ணினால், 15ஆவது பிட். 15ஆம் எண் சிக்னல்தான் சிக்டெர்ம். ஃபோர்க் செய்யுமுன் (சேயை உருவாக்குமுன்) நான் தடுத்திருந்த மாஸ்க்கைச் சேய் அப்படியே பெற்றிருந்தது. சேய் வேறொரு நிரலாக மாறும் எக்ஸெக் நடக்கும்போது ஹேண்ட்லர்கள் இயல்புநிலைக்குத் திரும்பும், மாஸ்க் திரும்பாது. ஃபோர்க்குக்குப் பின், எக்ஸெக்குக்கு முன், சேயின் பகுதியில் பழைய மாஸ்க்கைப் பொருத்தும் ஒரு வரியைச் சேர்த்ததும் அந்த எண் முழுவதும் பூஜ்யமானது.

உங்கள் நிரலில் பல த்ரெட்கள் (ஒரே புராசஸுக்குள் இணையாக ஓடும் இழைகள்) இருந்தால் மட்டும் சிக்பிராக்மாஸ்க்குக்குப் பதிலாக பிதிரெட்_சிக்மாஸ்க்கைப் பயன்படுத்துங்கள். மாஸ்க் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனி.