எல்டேப் டைரக்டரியில் (ஊழியர், குழு போன்ற விவரங்களை மரம்போல் அடுக்கி வைக்கும் தரவுத்தொகுப்பில்) பதிவுகள் எப்படி அடுக்கப்படுகின்றன?
வேர்ப் பதிவைத் தவிர மற்ற ஒவ்வொன்றும் ஒரு தாய்ப்பதிவின் கீழ்தான் இருக்கும். அதன் முழு முகவரிக்கு டிஎன் (DN) என்று பெயர்; கீழிருந்து வேரை நோக்கிப் படிக்க வேண்டும்: ‘யுஐடி=1042, ஓயு=ஊழியர், டிசி=நிறுவனம், டிசி=காம்’. இதில் யுஐடி பயனர் அடையாளம், ஓயு நிறுவனத்தின் ஒரு பிரிவு, டிசி டொமைன் பெயரின் ஒரு துண்டு. இடது ஓரத் துண்டு ஆர்டிஎன் (RDN), அதாவது தாயின் கீழ் அந்தப் பதிவின் சொந்தப் பெயர். ஒரே தாயின் கீழ் அது இருமுறை வந்தால் பிழை 68. ஆகவே அங்கே ஆள்பெயரை வைக்காதீர்கள், மாறாத எண்ணை வையுங்கள்.

எல்டிஃப் கோப்பை (பதிவுகளை எழுதிவைக்கும் உரைக் கோப்பை) ஏற்றும்போது பிழை 32 வந்தால், பெரும்பாலும் தாய்ப்பதிவு இன்னும் உருவாகவில்லை என்று பொருள். மேலிருந்து கீழாக வரிசைப்படுத்துங்கள். நீக்கும்போது நேர்மாறு: பிள்ளைகள் உள்ள பதிவை நீக்கப் போனால் பிழை 66.

துறைவாரியாக ஓயு பிரிக்கத்தான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் ஒருவர் துறை மாறினால் பதிவை நகர்த்த வேண்டும், டிஎன்னும் மாறும். குழுக்களில் பழைய டிஎன் அப்படியே தங்கி, அவருடைய அனுமதிகள் போய்விடும். ஓப்பன்எல்டேப் என்ற எல்டேப் சர்வர் மென்பொருளில் ரெஃபின்ட் என்ற துணைக்கூறை இயக்கியிருந்தால் அந்தப் பழைய டிஎன் தானாகத் திருத்தப்படும். அதைவிட, எல்லாரையும் ஒரே ஓயுவில் வைத்து, துறையைப் பண்பாகக் குறிப்பதே மேல்.