பல் விழுந்த இடத்தில் நிற்காத ரத்தம்

கேள்வி: தோட்டக் காவலுக்கு ஜெர்மன் ஷெப்பர்டு பெட்டை வளர்க்கிறேன். அதன் ஆண் குட்டிக்கு 5 மாதம். பால் பல் விழுந்த இடத்தில் இரண்டு நாளாக ரத்தம் கசிகிறது. தடுப்பூசி போட்ட இடம் எலுமிச்சை அளவு வீங்கியது. ஒரு வாரம் முன்காலை நொண்டுகிறான், மறு வாரம் பின்காலை. போன ஈற்றில், வேறு நாயோடு சேர்த்துப் பிறந்த ஆண் குட்டி ஒன்றும் ரத்தம் நிற்காமலே செத்தது. பெண் குட்டிகள் நன்றாக இருக்கின்றன. வைட்டமின் கே ஊசியும் கேட்கவில்லை. என்ன செய்வது?
- விவசாயி, ராசிபுரம்

பதில்: தகப்பன் மாறியும் நோய் மாறவில்லை, அதுவும் ஆண் குட்டிக்கே வருகிறது. அதனால், தாய்வழி வரும் ஹீமோஃபிலியா ஏ என்ற பரம்பரை நோயாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணி குறைவதால் வருவது இது. ஜெர்மன் ஷெப்பர்டு வம்சத்தில் பலகாலமாகத் தெரிந்த நோய். கால் மாறி மாறி நொண்டுவது மூட்டுக்குள் ரத்தம் கசிவதால் இருக்கலாம். சுளுக்கு என்று எண்ணி உருவிவிடாதீர்கள்.

இருந்தாலும் நம் ஊரில் நாய்க்கு ரத்தம் கசிந்தால் உண்ணிக் காய்ச்சலையும் எலி மருந்தையும்தான் முதலில் பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும். எலி மருந்தில் பி.டி., ஏ.பி.டி.டி. என்ற இரண்டு உறைதல் சோதனைகளிலும் நேரம் நீளும். ஹீமோஃபிலியாவில் தட்டணுவும் பி.டி.யும் சரியாக இருக்க, ஏ.பி.டி.டி. மட்டும் நீளும். அதன்பின் எட்டாம் காரணியின் அளவைப் பார்த்து உறுதி செய்வார்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். ரத்தம் கழுத்து ரத்தக்குழாயில் எடுக்க வேண்டாம், காலில் எடுத்துக் கட்டுப் போடச் சொல்லுங்கள். கழுத்தில் கசிந்தால் மூச்சுக்குழாய் அமுங்கிவிடும்.

இந்த நோய்க்கு வைட்டமின் கே பயன்படாது. கசிவு அதிகமானால் நாய் ரத்தமோ பிளாஸ்மாவோ ஏற்ற வேண்டும். சென்னை வேப்பேரி கல்லூரி மருத்துவமனையில் நாய்களுக்கு ரத்த வங்கியே உண்டு. வலிக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. சதையில் ஊசி வேண்டாம். தோலடியில் மெல்லிய ஊசியால் போட்டு ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். எலும்பு கடிக்கக் கொடுக்காதீர்கள். நோய் கடுமையாக இருந்தால், இவ்வளவு எடை போடும் இனத்தில் காப்பாற்றுவது சிரமம்தான்.

குட்டியைவிடத் தாயைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நோய் உறுதியானால் இனி அதைச் சேர்க்கைக்கு விடாதீர்கள். அதன் ஆண் குட்டிகளில் ஏறக்குறைய பாதிக்கு நோய் வரும். பெண் குட்டிகளில் பாதி, வெளியே ஒன்றும் தெரியாமல் நோயைச் சுமக்கும். இந்தக் குட்டி பிழைத்து வளர்ந்து இனவிருத்திக்குப் போனால் அவனுடைய பெண் குட்டிகள் எல்லாமே நோயைச் சுமப்பவைதான். தாய்க்குக் கருத்தடை செய்யும்போது மருத்துவரிடம் இந்த வரலாற்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு ஈற்றிலும் பெண் குட்டி வாங்கிப் போனவர்களுக்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள்.