துவரை வேர் ராத்திரியில தண்ணி இறைக்குமா?

கேள்வி இது: "மானாவாரிக் காட்டுல மரமோ துவரையோ இருந்தா பக்கத்துப் பயிரோட தண்ணிய உறிஞ்சிடும்னு எங்க ஊர்ல சொல்றாங்க, இன்னொருத்தர் அதுதான் பயிருக்கு தண்ணி குடுக்குதுங்கறாரு, எது சரி?"

ரெண்டும் சரிங்க. பகல்ல உறிஞ்சுது, ராத்திரியில கொஞ்சம் திருப்பி விடுது.

எனக்கு ஓமலூர் பக்கம். எங்க அம்மாயி காடு செம்மண்ணு, மேட்டுக்காடு, கொஞ்சம் தோண்டினாலே சரளை. ராகி போடறப்ப ஆறேழு சாலுக்கு நடுவுல ஒரு சாலு துவரை கண்டிப்பா போடும். நடுவுல மழை பதினஞ்சு இருவது நாள் ஏமாத்திருச்சுன்னா துவரைய ஒட்டின ராகி கொஞ்சம் தாக்குப்பிடிச்சு நிக்கும், எல்லா வருசமும் இல்ல, சில வருசம் நல்லாவே தெரியும். "துவரை கீழ போயி தண்ணி மோந்துட்டு வருதுடா"ன்னு அம்மாயி சொல்லும். நான் ரொம்ப வருசம் கழிச்சு இதப் பத்தி படிச்சப்பதான் அது வாய்ப்பேச்சு இல்ல, அப்படியே நடக்கற விசயம்னு புரிஞ்சது.

எப்படின்னா, பகல்ல இலையில இருக்கற துளையெல்லாம் திறந்து தண்ணி ஆவியாகிட்டே இருக்கும், அந்த இழுப்புல வேர்ல வர்ற தண்ணி எல்லாம் மேல இலைக்கே போயிரும். சாயங்காலம் துளை மூடிக்கும், இழுப்பு நின்னுரும். இப்ப ஆழத்துல ஈரம் இருக்கு, மேல்மண்ணு காஞ்சு கெடக்கு, ரெண்டையும் சேக்கற குழாய் மாதிரி நடுவுல வேர் இருக்கு. தண்ணி ஈரமான இடத்துலருந்து காஞ்ச இடத்துக்குத்தான நகரும், அதனால ஆணிவேர் வழியா ஏறி மேல பரவி இருக்கற சல்லிவேர் வழியா மண்ணுல கசியுது. மோட்டார், கரண்ட் எதுவும் இல்லாம, காஞ்ச மண்ணோட உறிஞ்சற சக்தியிலயே. இதுக்கு ஹைட்ராலிக் லிஃப்ட்னு பேரு வச்சிருக்காங்க. 1987ல அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல ரிச்சர்ட்ஸ், கால்டுவெல்னு ரெண்டு பேரு ஒரு பாலைவனப் புதர்ல இத அளந்து காட்டினாங்க, செடிய வெளிச்சம் போகாத பையால மூடி வச்சா பகல்லயும் மேல்மண்ணுல ஈரம் ஏறுதுன்னும் பாத்தாங்க.

ஏற்காடு போனீங்கன்னா காப்பித் தோட்டத்துல நெடுநெடுன்னு நிக்குமே சில்வர் ஓக், மிளகுக் கொடி ஏத்தி விட்டிருப்பாங்களே, அந்த மரத்தையும் 1998ல ஒரு ஆய்வுல பாத்திருக்காங்க. மழை இல்லாம மண்ணு காயறப்ப கீழருந்து மேல தண்ணி வருது, மழை பேஞ்சு மேல்மண்ணு நனைஞ்சதும் அதே வேர் தண்ணிய கீழ இறக்குது. மழைத்தண்ணிய ஆவியாகறதுக்கு முன்னாடி ஆழத்துல சேத்து வைக்கற மாதிரி. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விசயமே இதுதான். ஆனா அதே ஆய்வுல தைலமரமும் இதே வேலைய செஞ்சிருக்கு, அதுக்காக வரப்புல தைலமரம் வச்சிராதீங்க, அது பகல்ல குடிக்கற கணக்கு வேற.

இப்ப நுண்ணுயிர் விசயம், இத யாரும் பேசறதில்ல. பாக்டீரியா எல்லாம் மண் துகள் மேல ஒட்டியிருக்கற மெல்லிசான தண்ணிப் படலத்துலதான் வாழுது, அது காஞ்சிட்டா ஒண்ணு செத்துரும் இல்ல தூங்கிரும், அதுங்க நின்னுட்டா மண்ணுல சத்து இருந்தும் பயிருக்குக் கிடைக்காது. ராத்திரி வேர் கசியற அந்தக் கொஞ்சூண்டு ஈரம் அதுங்கள முழிச்சிருக்க வைக்குது, கூடவே வேர் சர்க்கரையும் அமிலமும் கொழகொழன்னு ஒரு பசையும் விடுது, அது தீனி. அந்த யூட்டா புதர்லயே 2013ல பாத்திருக்காங்க, தண்ணி தூக்கற செடியடியில மேல்மண்ணுல தழைச்சத்து (நைட்ரஜன்) சுழற்சி கூடுது, அந்தச் சத்து செடியோட பூங்கொத்து வரைக்கும் போகுது. கலிபோர்னியாவுல ஓக் மரத்துல, மண்ணு நல்லா காஞ்சப்பவும் ராத்திரியில மரமே தன் வேரோட ஒட்டி கூட்டா வாழற மைக்கோரைசாங்கற பூஞ்சைக்குத் தண்ணி குடுக்குதுன்னு 2003ல காட்டினாங்க. கம்புப் பயிர பிடுங்கிப் பாருங்க, வேருக்குச் சட்டை போட்ட மாதிரி மண்ணு ஒட்டிட்டு வரும், வேர்முடியும் இந்தப் பசையும் சேந்து பிடிச்சு வச்சிருக்கற மண்ணு அது, ஈரம் அங்க கடைசியாத்தான் போகும்.

நம்ம பக்கமே கொல்லிமலையிலயும் பெங்களூர்லயும் ராகியும் துவரையும் சேத்து, மைக்கோரைசாவும் வேருக்கு உதவற பாக்டீரியாவும் குடுத்து சோதனை பண்ணி, விளைச்சல் கூடினத 2020ல எழுதியிருக்காங்க. துவரை வேர்லருந்து ராகிக்கு பூஞ்சை இழை ஒரு பாலம் மாதிரிங்கறது இதுக்குப் பின்னாடி இருக்கற எண்ணம்.

ஆனா ஒண்ணு, கீழ ஈரம் இருந்தாத்தான் தூக்க முடியும். சுத்தி ஆயிரம் அடி போர் போட்டு, சரளையும் வறண்டு போன காட்டுல துவரை மட்டும் என்ன பண்ணும். அப்புறம் தூக்கின தண்ணியில பாதிக்கு மேல அடுத்த நாள் அதுவே கூட குடிச்சிரலாம், வெயில் காலம் முழுக்க பயிரக் காப்பாத்தற அளவு அது கிடையாது, நடுவுல மழை இல்லாம காயற நாள தாண்டிப் போறதுக்குத்தான்.

நான் இப்ப செய்யறது, துவரைய அறுத்ததும் அடிக்கட்டைய பிடுங்கறதில்ல, வேர் உள்ளயே மக்கட்டும்னு விடறேன், ட்ராக்டர் உழவும் ஒண்ணோட நிறுத்திக்கறேன், ஏன்னா அடிக்கடி உழுதா அந்த பூஞ்சை இழை எல்லாம் அறுந்துரும். நீங்க எந்தப் பக்கம், எத்தன அடி மண்ணு இருக்குன்னு சொல்லுங்க, துவரை எத்தன சாலுக்கு ஒண்ணு வைக்கலாம்னு பாக்கலாம்.